எட்டாம் எண் சட்டைக்காரர்

சென்ற இதழில் ஒரு வாசகி, "கேப்டன் என்றதும் உங்களுக்கு நினைவு வருபவர் யார்?" என்று கேட்டிருந்தார். தோனி என்றோ கபில் தேவ் என்றோ சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார் போல. நான் "மெர்வின் டேவிஸ்" என்று இரண்டே சொல்லில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், இந்த வாரம் சர்க்கரை வியாதி, முழங்கால் வலி எல்லாவற்றுக்கும் விடுமுறை கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

யார் சார் அந்த மெர்வின் டேவிஸ்? உங்களுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?
(வாசகர், திருநெல்வேலி)

வேல்ஸ் நாட்டு ரக்பி வீரர். 1969 முதல் 1976 வரை வேல்ஸுக்காக 38 சர்வதேசப் போட்டிகள். தொடர்ச்சியாக 38, நடுவில் ஒன்றைக்கூட விடவில்லை. கடைசி 9 போட்டிகளில் கேப்டன். அந்த ஒன்பதில் தோற்றது ஒன்றே ஒன்று. மெலிந்த, நெடிய உருவம், தொங்கு மீசை, தலையைச் சுற்றி ஒரு வெள்ளைப் பட்டை. "மெர்வ் தி ஸ்வெர்வ்" என்பது செல்லப்பெயர். 2002-ல் வேல்ஸ் ரசிகர்கள் வாக்களித்தபோது, எல்லாக் காலத்துக்கும் சிறந்த கேப்டன், சிறந்த எட்டாம் எண் ஆட்டக்காரர் என்ற இரண்டு பட்டங்களும் அவருக்கே போயின.

எனக்குச் சம்பந்தம் ஒன்றும் இல்லை. அவரை நான் பார்த்ததில்லை, பேசியதில்லை. சென்னையில் மருத்துவம் முடித்துவிட்டு 1979-ல் தென் வேல்ஸில் ஒரு மருத்துவமனையில் ஜூனியர் டாக்டராகச் சேர்ந்தேன். அந்தப் பள்ளத்தாக்கு ஊர்களில் அப்போது நம்மூர் டாக்டர்கள் நிறையப் பேர். என் வார்டில் பாதிப் பேர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, தூசி படிந்த நுரையீரலோடு வந்தவர்கள். அவர்களில் ஒரு பெரியவர், ராத்திரி டியூட்டியில் நான் அவருடைய எக்ஸ்ரே பற்றிச் சொல்லத் தொடங்கியதும் கையை உயர்த்தி நிறுத்தினார். "அது கிடக்கட்டும் பட்" என்றார். அங்கே நண்பனை 'பட்' என்பார்கள், டாக்டர் என்றெல்லாம் பார்ப்பதில்லை. "நீ மூளை பற்றிப் படித்தவன்தானே? மெர்வை முதல் தடவையே காப்பாற்றியிருக்க முடியுமா, முடியாதா? அதைச் சொல்."

எனக்கு மெர்வ் என்றால் யாரென்றே தெரியாது. அன்று ஆரம்பித்த பாடம். என் மனைவி இந்தப் பதிலைத் தட்டச்சு செய்வதைப் பார்த்துவிட்டு, "மறுபடியும் அந்த மீசைக்காரரா?" என்கிறார்.

ரக்பியில் எட்டாம் எண் என்றால் என்ன வேலை? டி.வி.யில் பார்த்தால் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடக்கிறார்கள். ஒன்றும் புரியவில்லை.
(கல்லூரி மாணவி, கோவை)

எனக்கும் புரியவில்லை. சுரங்கத் தொழிலாளி தீப்பெட்டியைத் திறந்து, சாப்பாட்டு மேசையில் குச்சிகளை அடுக்கித்தான் புரியவைத்தார். நீங்களும் பதினைந்து குச்சிகள் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் அணியில் 15 பேர். அதில் எட்டுப் பேர் ஃபார்வர்டுகள், ஏழு பேர் பின்வரிசை ஓட்டக்காரர்கள். ஓட்டக்காரர்கள் பந்தை வாங்கிக்கொண்டு பறப்பார்கள், புகைப்படம் அவர்களுடையது. ஃபார்வர்டுகளின் வேலை அந்தப் பந்தைச் சம்பாதித்துக் கொடுப்பது. இரு அணியின் எட்டு எட்டுப் பேரும் குனிந்து, தோள் கோத்து, எதிரெதிரே முட்டித் தள்ளுவதுதான் ஸ்க்ரம். முன்னால் மூன்று குச்சி, நடுவில் இரண்டு, அந்த இரண்டின் பக்கவாட்டில் ஒவ்வொன்று. எல்லாருக்கும் பின்னால், வாலில், தனியாக ஒரு குச்சி. அதுதான் எட்டாம் எண்.

முன்னால் நடக்கும் மல்லுக்கட்டில் கால்களுக்கு நடுவே உருண்டு வரும் பந்து கடைசியில் அவர் காலடியில்தான் வந்து நிற்கும். அதை எவ்வளவு நேரம் காலாலேயே பூட்டி வைப்பது, எப்போது வெளியே விடுவது, தானே எடுத்துக்கொண்டு பாய்வதா, பின்னால் காத்திருக்கும் ஒன்பதாம் எண்காரருக்கு விடுவதா என்பதெல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் அவர் முடிவு செய்யவேண்டியவை. மெர்வினுக்குப் பின்னால் காத்திருந்த ஒன்பதாம் எண், கரெத் எட்வர்ட்ஸ். உலகம் கண்ட மிகச் சிறந்த ரக்பி வீரர் என்று பலரும் சொல்லும் ஆள். அவருக்குப் பந்து சுத்தமாக, நேரத்துக்கு வந்து சேர்ந்ததில் மெர்வினுக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்புறம் லைன்-அவுட். பந்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டால் இரு அணிகளும் இரண்டு வரிசையாக நிற்க, நடுவில் பந்தை எறிவார்கள். இப்போது இரண்டு பேர் தொடையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார்கள், குதிப்பவர் மாடியில் நிற்பதுபோல நின்று பந்தைப் பிடிக்கிறார். அந்தக் காலத்தில் தூக்கிவிடத் தடை. தன் காலில் தானே எம்ப வேண்டும், பக்கத்தில் நிற்பவன் முழங்கையால் விலாவில் இடிப்பான். மெர்வின் வரிசையின் கடைசியில் நிற்பார். அங்கே வரை எறியும் பந்து அதிக தூரம் பறக்க வேண்டும், வழியில் யார் வேண்டுமானாலும் தட்டிவிடலாம். ஆனால் அங்கே பிடித்துவிட்டால், எதிரணி திரும்புவதற்குள் நடுமைதானம் திறந்து கிடக்கும். ஆறடிக்கு மேல் உயரமும் நீளக் கைகளும் அவருக்கு அங்கேதான் சோறு போட்டன.

மூன்றாவது வேலை, எதிரி தப்பி ஓடும் வழியை முன்கூட்டியே யோசித்து அங்கே போய் நிற்பது. இதைக் குச்சியால் காட்ட முடியாது. பெரியவர் சொன்ன யோசனை ஒன்றுதான்: "பந்தைப் பார்க்காதே பட். வெள்ளைப் பட்டையைப் பார்."

அவர் பள்ளி ஆசிரியராமே? ஆசிரியருக்கு எப்படி நாட்டு அணியில் இடம் கிடைத்தது? சம்பளம் எவ்வளவு?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்)

சம்பளம் பூஜ்யம், ஐயா. ரக்பி யூனியன் 1995 வரை அமெச்சூர் ஆட்டம். ஆடியதற்குக் காசு வாங்கக்கூடாது. தன் சுயசரிதைக்குப் பணம் வாங்கினால்கூட 'தொழில்முறை ஆள்' என்று முத்திரை குத்தி ஆட்டத்தை விட்டே தள்ளிவைத்தார்கள். கரெத் எட்வர்ட்ஸுக்கே அந்தக் கதி. அதனால் எல்லாருக்கும் ஒரு வேலை இருந்தது. மெர்வினுக்குப் பக்கத்தில் ஆடிய டாய் மோரிஸ் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கடைசித் தடுப்பாளர் ஜே.பி.ஆர். வில்லியம்ஸ் அப்போது மருத்துவ மாணவர், பிற்பாடு எலும்பு அறுவை நிபுணர். மோதி எலும்பை உடைக்கவும் தெரியும், சேர்க்கவும் தெரியும்.

மெர்வின் 1946 டிசம்பரில் ஸ்வான்சீயில் பிறந்தவர். அப்பாவும் ரக்பி ஆடியவர், போர் முடிந்த கையோடு நடந்த 'விக்டரி' ஆட்டங்களில் வேல்ஸ் சட்டை போட்டவர். ஆனால் அவற்றுக்கு அதிகாரப்பூர்வ அங்கீகாரம் இல்லாததால் கணக்கில் வராமல் போனார். மகன் ஆசிரியர் பயிற்சி முடித்து, லண்டனுக்குத் தெற்கே சர்ரே பகுதியில் பாடம் நடத்தப் போனார். லண்டனில் வேலைக்குப் போன வேல்ஸ்காரர்கள் கூடும் கிளப், லண்டன் வெல்ஷ். 1968-ல் அங்கே போய்க் கீழ் அணி ஒன்றில் ஆடத் தொடங்கினார். 1969 பிப்ரவரி 1-ல் எடின்பரோவில் ஸ்காட்லாந்துக்கு எதிராக வேல்ஸ் சட்டையோடு நின்றார். ஒரே சீசனில்! ஜே.பி.ஆருக்கும் அதுதான் முதல் ஆட்டம். ஸ்கோர் 17-3, வேல்ஸ் ஜெயித்தது.

அந்த ஆண்டே நியூசிலாந்துக்குப் போய் 19-0, 33-12 என்று வேல்ஸ் செம உதை வாங்கித் திரும்பியதையும் சொல்லிவிட வேண்டும். வேல்ஸ் சட்டையில் அவர் ஒருமுறைகூட நியூசிலாந்தை ஜெயித்ததில்லை.

கண்டியில் பள்ளிக்கூடக் காலத்தில் நானும் எட்டாம் எண் ஆடியவன். எங்களூரில் பிராட்பி கேடயப் போட்டி என்றால் திருவிழா. வேல்ஸ் சட்டையில் ஜெயிக்கவில்லை என்றால் மெர்வின் எதை வைத்துப் பெரிய ஆள்?
(வாசகர், கண்டி)

உங்களுக்குத் தீப்பெட்டிக் குச்சி தேவைப்படாது. கறுப்புச் சட்டை போட்ட நியூசிலாந்திடம் வாங்கிய கடனை அவர் சிவப்புச் சட்டையிலேயே, ஆனால் வேறு சிவப்புச் சட்டையில், திருப்பிக் கொடுத்தார். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கும் சேர்ந்து அனுப்பும் லயன்ஸ் அணியில் 1971-ல் நியூசிலாந்து போனார். பயிற்சியாளர் கார்வின் ஜேம்ஸ், கேப்டன் ஜான் டாஸ், இருவரும் வேல்ஸ்காரர்கள். நான்கு டெஸ்டிலும் எட்டாம் எண் மெர்வின்தான். முதலாவது 9-3 வெற்றி, அடுத்தது 12-22 தோல்வி, மூன்றாவது 13-3 வெற்றி, கடைசி 14-14. நியூசிலாந்து மண்ணில் லயன்ஸ் தொடரை வென்றது அந்த ஒரு முறைதான். அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. 2017-ல் சமன் செய்ததோடு சரி.

அந்த லயன்ஸ் அணியின் பேரி ஜான் உதைத்த கோல்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். நியாயம்தான். ஆனால் அவர் உதைப்பதற்கு முதலில் பந்து வேண்டுமே. லைன்-அவுட்டின் வாலில் நின்று அதைப் பறித்தவர்களில் முக்கியமானவர் யாரென்று நியூசிலாந்துக்காரர்களுக்குத் தெரியும்.

1974-ல் லயன்ஸ் அணி நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குப் போனதே, அதில் உங்கள் நாயகன் இருந்தாரா?
(வழக்கறிஞர், மதுரை)

இருந்தார். இதில் மழுப்ப விரும்பவில்லை. 22 ஆட்டங்களில் 21 வெற்றி, ஒன்று சமன், டெஸ்ட் தொடர் 3-0. ரக்பி வரலாற்றில் பொன்னெழுத்தில் இருக்கிறது. பிரிட்டனின் தொழிற்கட்சி அரசு அந்தப் பயணத்தை எதிர்த்தது, அணி கேட்கவில்லை. லண்டன் வெல்ஷிலும் வேல்ஸிலும் மெர்வினோடு தோள் கோத்து ஆடிய ஜான் டெய்லரோ, நிறவெறி நாட்டோடு ஆடமாட்டேன் என்று முன்பே முடிவு செய்திருந்தார். 1968-ல் லயன்ஸோடு அங்கே போய் நேரில் பார்த்துவிட்டு வந்தவர் அவர். ஒரே ஸ்க்ரமில் அடுத்தடுத்துக் குனிந்த இருவரில் ஒருவர் போனார், ஒருவர் போகவில்லை. மைதானத்தில் தனியே அடைத்துவைக்கப்பட்ட பகுதியிலிருந்து கறுப்பின மக்கள் லயன்ஸுக்காகக் கைதட்டினார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு டெய்லருக்கு.

கேப்டனாக அப்படி என்ன சாதித்தார்?
(வாசகர், சேலம்)

1975 ஜனவரியில் பாரிஸ். அணியில் ஆறு பேருக்கு அதுதான் முதல் ஆட்டம். புதுக் கேப்டன், புது ஆட்கள், பாரிஸ் மைதானம். 25-10 என்று ஜெயித்தார்கள். முன்வரிசையில் தள்ளுவதற்கென்றே எடுத்த கிரகாம் பிரைஸ் கடைசி நிமிடங்களில் மைதானத்தின் நீளத்துக்கு ஓடிப்போய் ட்ரை வைத்ததை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்துவதுதான் ட்ரை) அந்த ஊரில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கேப்டனாக மெர்வின் தோற்ற ஒரே ஆட்டம் அடுத்த சில வாரங்களில் எடின்பரோவில், 12-10. மைதானத்தில் 1,04,000 பேர்.

1976-ல், ஆண்டுதோறும் ஐந்து நாடுகள் மோதும் தொடரில், இங்கிலாந்து 21-9, ஸ்காட்லாந்து 28-6, அயர்லாந்து 34-9, கடைசியாக மார்ச் 6-ல் கார்டிஃபில் பிரான்ஸ் 19-13. நான்கையும் ஜெயித்தால் அதற்குப் பெயர் கிராண்ட் ஸ்லாம். 1977-ல் நியூசிலாந்து போகும் லயன்ஸுக்கு அவர்தான் கேப்டன் என்று எல்லாரும் முடிவே கட்டிவிட்டார்கள்.

மைதானத்தில் தலையில் அடிபட்டுத்தானே அவர் ஆட்டம் முடிந்தது? என் மகன் ரக்பி கற்றுக்கொள்ளப் போகிறேன் என்கிறான். பயமாக இருக்கிறது.
(வாசகி, சென்னை)

அடிபட்டு அல்ல. இதை எல்லாரும் தப்பாகவே சொல்கிறார்கள்.

பிரான்ஸ் ஆட்டம் முடிந்து மூன்று வாரம். 1976 மார்ச் 28. அதே கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க், கோப்பை அரையிறுதி. ஸ்வான்சீ கேப்டனாகப் பான்டிபூல் அணிக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டத்தின் நடுவே, யாரும் மோதாமலே, சரிந்து விழுந்தார். மூளையை மூடியிருக்கும் சவ்வுக்கு அடியில் ரத்தக்கசிவு. அப்போது வயது 29. உயிர் பிழைத்தார், ஆனால் அதன்பின் ரக்பி ஆடவே இல்லை.

இந்தக் கசிவு பெரும்பாலும் எப்படி வருகிறதென்றால், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் சுவரில் ஓரிடம் நலிந்து, பழைய சைக்கிள் டியூபில் வரும் புடைப்புபோல உப்பியிருக்கும். ஆண்டுக்கணக்கில் சும்மா இருக்கும், ஒருநாள் வெடிக்கும். ரக்பி ஆடினாலும் வரலாம், தபால் ஆபீசில் உட்கார்ந்திருந்தாலும் வரலாம். திடீரென்று, வாழ்நாளில் இதுவரை கண்டிராத தலைவலி என்றால் மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இந்தப் பத்தியில் மருத்துவக் குறிப்பு என்று இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சுரங்கத்துப் பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மெர்வினுக்கு இது இரண்டாவது கசிவு. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை விழுந்திருக்கிறார், அதை மூளைச்சவ்வுக் காய்ச்சல் என்று முடிவு செய்தார்கள். ஏன் அப்படி? கசிந்த ரத்தம் அந்தச் சவ்வை உறுத்தும். கழுத்து விறைக்கும், தலை பிளக்கும், வெளிச்சம் பார்க்கக் கூசும். மூளைச்சவ்வுக் காய்ச்சலிலும் இதே அறிகுறிகள்தான். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியவேண்டும், ஆனால் எல்லா நேரமும் அது அவ்வளவு தெளிவாகச் சொல்லாது. சி.டி. ஸ்கேன் என்ற கருவியில் உலகத்திலேயே முதல் நோயாளியைப் படம் எடுத்தது 1971 அக்டோபரில், லண்டன் விம்பிள்டனில் ஒரு மருத்துவமனையில். லண்டன் வெல்ஷ் மைதானம் இருக்கும் ரிச்மண்டிலிருந்து சில மைல்கள். கருவி பிறந்திருந்தது, பரவவில்லை.

நான் பெரியவரிடம் "முடிந்திருக்கலாம்" என்றேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, தெரிந்ததைச் சொல்லிவிட்டால் போதும் என்ற நினைப்பு. அவர் தீப்பெட்டியை மூடி அலமாரியில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இன்று கேட்டால் முதலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் மகன் விஷயம்: தலையில் அடி மேல் அடி விழுவது வேறு பிரச்சினை, அது நிஜமான பிரச்சினை. 2005, 2008, 2012 மூன்று கிராண்ட் ஸ்லாமிலும் ஆடிய இன்னொரு வேல்ஸ் ஃபார்வர்டு ரயன் ஜோன்ஸ், நாற்பத்தோரு வயதில் தனக்கு மறதி நோய் வந்திருப்பதாக 2022-ல் வெளியே சொன்னார். கற்றுக்கொள்ள அனுப்புங்கள். ஆனால் தலையில் அடிபட்ட பையனை அன்றைக்கே மறுபடி இறக்கிவிடும் பயிற்சியாளர் என்றால் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இந்தக் காலத்து அலின் வின் ஜோன்ஸ் 170 டெஸ்ட் ஆடியிருக்கிறார். மெர்வின் வேல்ஸுக்கும் லயன்ஸுக்கும் சேர்த்தே 46. யார் பெரியவர்?
(பொறியாளர், பெங்களூரு)

எண்ணிக்கையில் ஜோன்ஸ்தான், உலகச் சாதனை: வேல்ஸுக்கு 158, லயன்ஸுக்கு 12. 2006-ல் தொடங்கி 2023 வரை. அவரும் ஸ்வான்சீக்காரர், அவரும் ஃபார்வர்டு, அவரும் கேப்டனாகக் கிராண்ட் ஸ்லாம் வாங்கியவர், 2019-ல். காலம் வேறு என்பதால் ஒப்பிட மனம் வரவில்லை. டாக்டர் என்ற முறையில் ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. 2023-ல் பிரான்ஸின் துலோன் கிளப்பில் சேரப் போனபோது செய்த மருத்துவப் பரிசோதனையில் அவருடைய இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருப்பது தெரியவந்தது. சிகிச்சை எடுத்துக்கொண்டார். மெர்வினை அப்படி யாரும் உட்காரவைத்துப் பார்க்கவில்லை.

பிற்பாடு மெர்வின் என்ன ஆனார்?
(வாசகி, புதுச்சேரி)

உடம்பு பழைய நிலைக்கு வரவில்லை, நடையில் தடுமாற்றம் இருந்தது. ஆனாலும் இன்னும் 36 ஆண்டுகள் வாழ்ந்தார். புகைப் பழக்கம் ஆடும் நாளிலிருந்தே உண்டு, கடைசியில் நுரையீரல் புற்றுநோய். 2012 மார்ச் 15-ல் காலமானார், வயது 65. இரண்டு நாள் கழித்து, மார்ச் 17-ல், கார்டிஃபில் பிரான்ஸை 16-9 என்று தோற்கடித்து வேல்ஸ் இன்னொரு கிராண்ட் ஸ்லாம் வாங்கியது.

தலைப்பட்டை எதற்கு? ஸ்டைலா? அவர் ஆடிய ஆட்டம் எதையாவது பார்க்க முடியுமா?
(பள்ளி மாணவன், ஈரோடு)

ஸ்டைல் இல்லை தம்பி, காதுக்கு. ஸ்க்ரமில் மற்றவர் இடுப்புக்கு நடுவே தலையை நுழைத்துத் தள்ளும்போது காது மடல் தேய்ந்து, உள்ளே ரத்தம் கட்டி, கோலிக்குண்டு மாதிரி வீங்கிக் கெட்டியாகிவிடும். பழைய ஃபார்வர்டுகளின் காதைப் பார், காலிஃபிளவர்.

1976 மார்ச் 6 பிரான்ஸ் ஆட்டம் யூடியூபில் துண்டு துண்டாகக் கிடைக்கும். எல்லாரும் போட்டுப் போட்டுப் பார்ப்பது, மூலையில் ட்ரை வைக்கப் பாய்ந்த பிரான்ஸின் குர்டோனை ஜே.பி.ஆர். தோளால் இடித்துக் கோட்டுக்கு வெளியே தள்ளும் காட்சி. அதை ஒருமுறை பார்த்துக்கொள். அப்புறம் மறுபடி முதலிலிருந்து ஓட்டு. அன்று மெர்வினுக்குக் காலில் பலமாக அடிபட்டிருந்தது, வெளியே போகவில்லை. பந்து எங்கே போகிறது என்பதை விட்டுவிட்டு, வெள்ளைப் பட்டை எங்கே போகிறது என்று மட்டும் பார். பந்து அங்கே வந்து சேருவதற்கு ஒரு விநாடி முன்னாலேயே அது போய் நின்றுகொண்டிருக்கும்.